உள்பக்கத் தாழ்ப்பாள்

செல்போன் கத்தியபோது தச்சர் ஒரு கடை வாசலில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்த வேண்டும் என்று வேலை பிடித்துத் தரும் ஆப் சொன்னது. யோசித்துக்கொண்டிருந்தால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். கட்டைவிரலால் அமுக்கினார். ஒப்புக்கொண்ட பிறகுதான் முகவரியைக் காட்டும். காட்டியது. மகள் வீடு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதை இப்படிக் கண்ணால் பார்ப்போம் என்று அவர் நினைத்ததில்லை. அப்பன் ஊரார் கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் போடுகிறான், பெற்ற பெண் ஆப்பில் தச்சனைத் தேடுகிறாள். மாப்பிள்ளைதான் கூப்பிட்டிருப்பார், அவருக்கு எதற்கெடுத்தாலும் செல்போன்தான் என்று தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். வாசலில் நின்று, குரலை மாற்றி, 'மேடம், கார்ப்பெண்டர் வந்திருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. வண்டி ஓட்டும்போது அவர் அதை எடுப்பதில்லை.

கதவைத் திறந்த மகள் சிரிக்கவில்லை.

"உங்க பேரப் பாத்ததும் கேன்சல் பண்ணிட்டேனேப்பா. உங்களுக்கு வரலையா?"

"எதுக்கு கேன்சல்? அதான் நானே வந்துட்டேனே."

அவள் விலகவில்லை. பெற்றவர் நுழைய யார் வழி விட வேண்டும்? பெட்டியோடு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். கூடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே குளியலறை. பழைய தாழ்ப்பாள் ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலைச்சட்டம் நீளவாக்கில் பிளந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கதவு பார்த்தவர் அவர். ஈரத்தில் ஊறினால் மரம் ஒரு மாதிரி விடும், கரையான் தின்றால் வேறு மாதிரி. வெளியிலிருந்து ஒருவன் தோளால் மோதினால் மட்டும்தான் இப்படிப் பிளக்கும். திருடன் புகுந்த வீடுகளில் பார்த்திருக்கிறார்.

"மாப்ளயா?"

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எடுக்கவே இல்லை.

"அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து போட்டிருப்பேன்ல?"

"போட்டிருப்பீங்க. அப்புறம் அவரு வெளில நின்னுக்கிட்டு உங்களுக்கு போன் பண்ணுவாரு. நீங்களும் வந்து நின்னு, கதவத் தொற பாப்பான்னு சொல்வீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "போன தடவ உங்க குரலக் கேட்டுத்தான்ப்பா தொறந்தேன்."

போன மாதம் மாப்பிள்ளை கூப்பிட்டார். உங்க பொண்ணு உள்ள பூட்டிக்கிட்டு அடம் பிடிக்கிறா, வந்து நாலு வார்த்தை சொல்லுங்க மாமா என்றார். தச்சரும் வந்தார். இதே கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும், அடிக்கிற கைதான் அணைக்கும், நான் இருக்கேன்ல, தொற என்றார். அவள் திறந்தாள். மாப்பிள்ளை அவர் எதிரிலேயே மன்னிப்புக்கூடக் கேட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு தச்சர் அன்று நன்றாகத் தூங்கினார். அதற்குப் பிறகும் அவள் மறுபடி உள்ளே ஓடியிருக்கிறாள். இந்தத் தடவை கதவைத் திறக்க மாப்பிள்ளைக்கு யாருடைய குரலும் தேவைப்படவில்லை.

"வீட்டுக்கு வந்துடு பாப்பா."

"ரெண்டு தடவ வந்தேனேப்பா."

இரண்டு தடவையும் இதே ஸ்கூட்டரில் அவர்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். குனிந்து பெட்டியைத் திறக்கப் போனார்.

"வேண்டாம்ப்பா. வேற ஆள் வர்றாரு. அவருக்கு என்னையும் தெரியாது, இவரையும் தெரியாது. போட்டுட்டுப் போயிட்டே இருப்பாரு. நீங்க கெளம்புங்க."

படியிறங்கும்போதுதான் செல்போனை எடுத்துப் பார்த்தார். வேலை ரத்து. ரத்து செய்கிறவர்கள் ஏதாவது ஒரு காரணத்தைத் தொட்டே ஆக வேண்டும். தாமதம், மனம் மாறிவிட்டது என்று நாலைந்து இருக்கும். மகள் தொட்டிருந்தது: 'இவர் வருவது எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றவில்லை.' இப்படி ஒரு காரணம் விழுந்தால் ஆப்காரர்கள் விசாரிக்கிற வரைக்கும் வேலை தரமாட்டார்கள். அந்த நினைப்பு அவருக்கு வரவே இல்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடி போட்ட ஒருவர் டிரில்லிங் மெஷின் பையோடு ஏறிவந்தார்.

"மூணாவது மாடி இதுக்கு மேலதானே?"

"ஆமா. தாழ்ப்பாளுக்குத்தானே? என்ன ஸ்க்ரூ வச்சிருக்கீங்க?"

அவர் காட்டினார். தச்சர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பெட்டியிலிருந்து நீளமானதாக ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

"இது செவுரு வரைக்கும் போகும். பொளந்த எடத்த விட்டுட்டு, கீழ தள்ளிப் போடுங்க."

"நீங்க யாரு?"

"நானும் கார்ப்பெண்டர்தான்" என்றார்.

மேலே மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கீழே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாக ஏறிவந்தார். வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார். இன்றைக்கு எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று தெரியவில்லை.

"அடடே, மாமா! என்ன படியில ஒக்காந்துட்டீங்க? எழுந்திரிங்க, உள்ள போலாம்." பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "நம்ம வீட்லயா சத்தம்?"

மாப்பிள்ளையைக் கண்டால் எழுந்து நிற்பது தச்சருக்கு ஊறிப்போன பழக்கம். முழங்கால்கள் தாமாகவே பாதி எழுந்துவிட்டன. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். பெட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்தப் படியில் அதற்குமேல் இடமில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க மாமா."

சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. மேலே மெஷின் ஓய்ந்தது. முதல் திருகு மரத்தில் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது. மாப்பிள்ளையின் ஷூ இன்னும் ஒரு படி ஏறி, தச்சரின் கால்விரல்களைத் தொட்டுக்கொண்டு நின்றது.