நாலு விரல் கூடுதல்

திருமணமாகி ஏழாவது மாதம், நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். ஊட்டிக்கு. அங்கே கமலேஷ் என் கையால் பின்னிய ஸ்வெட்டரைத்தான் அணிய வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது, எனக்குக் குரோஷா ஊசியைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கை இல்லாத ஸ்வெட்டர். முன்னுக்கு ஒரு செவ்வகம், பின்னுக்கு ஒரு செவ்வகம். உயரத்துக்குச் சங்கிலி போட்டு வரிசை வரிசையாகப் பின்னினால் அகலம் வளரும். முதல் வாரம் ஓரம் கோணிக்கொண்டே போனது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டிருக்கிறேன்! எண்ணிப் போட ஆரம்பித்ததும் ஓரம் நேரானது. அன்று சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.

அளவு சொன்னது அவர்தான். செஞ்சி கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர் சொன்னால் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்?

கிளம்பும் நாள், பகல் சாப்பாட்டுக்கு வந்தவருக்கு இரண்டு துண்டையும் ஊக்கால் சேர்த்து மாட்டிவிட்டேன். தோள் இரண்டு பக்கமும் கையில் சரிந்து தொங்கியது.

சாப்பாடு எடுத்து வந்த மாமியார் நின்று பார்த்தார். "இன்னாம்மா இது, ரெண்டு பேருக்கும் சேத்தா போட்ட?"

கமலேஷ் பக்கம் திரும்பினேன். நாலு மணிக்கு பஸ்.

"நீங்க சொன்ன அளவுதானேங்க போட்டேன்?"

அவர் தலையைச் சொறிந்தார். "துணி தண்ணியில சுருங்கும்ல. அதான் முன்னுக்கும் பின்னுக்கும் நாலு விரல் சேத்து சொன்னேன். கடைப் பழக்கம்."

"இது சுருங்காது. இழுத்தா இன்னும் பெருசாவும்."

"அப்ப ஓரத்த வெட்டிடலாம்" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க, பிரிஞ்சிடும்" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பிரியட்டுமே. கடைசி வரிசையிலிருந்து பிரித்தால் அகலம்தானே குறையும்?

ஊக்குகளைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, நூலை இழுத்தேன். ஒரு வரிசை சரசரவென்று ஓடிக் காணாமல் போனது.

"ஏய் வித்யா, மூணு வாரம் ஒக்காந்து போட்டது."

"நாலு விரல்தான். நூலைச் சுத்துங்க."

வெட்டிய துணி வெட்டியதுதான் என்று இருந்தவர், துணி மறுபடி நூலாவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். "இன்னொரு வரி இழேன்."

"போதும். உங்க வயித்துக்கு இடம் வேணும்."

மாமியார் சிரித்துவிட்டார்.

மூன்றரைக்குத் தோள்கள் சேர்ந்தன. பக்கங்களை விழுப்புரம் பஸ்ஸில் தைத்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி முடிச்சைப் போட்டதும் வாங்கி, சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கச்சிதம். மே மாத வெயிலில் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

அந்தப் பக்கம் வந்த கண்டக்டர் நின்றார். "இன்னா சார், குளிர் ஜுரமா?"

"இல்லீங்க. என் ஒய்ஃப் போட்டது" என்றார் கமலேஷ். எவ்வளவு சொல்லியும் விழுப்புரம் வரை அதைக் கழற்றவில்லை.