மூன்றாவது பாடம்

கலெக்டர் பரீட்சைக்கு விண்ணப்பம் போட என் அண்ணன் சனாவுல்லாவுக்கு அதுதான் கடைசி வருஷம். அடுத்த முறை வயது தாண்டிவிடும். அதில் விருப்பப் பாடம் மூன்றின் பெயர் எழுத வேண்டும். இந்திய சரித்திரம், இங்கிலாந்து சரித்திரம் இரண்டும் கல்லூரியில் படித்ததால் எழுதிவிட்டான். மூன்றாவது இடம் மட்டும் ஒரு வாரமாகக் காலியாகக் கிடந்தது. அவனுக்குப் பூகோளத்தில் ஆசை. அத்தாவுக்கோ அரபிதான்.

அத்தா மீரான் திண்டுக்கல்லில் ஆட்டுத்தோல் மண்டி வைத்திருந்தார். அண்ணன் ஏழு வயதிலேயே குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தவன் என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"ஏலே, மத்தவன்லாம் இனிமேத்தான் படிக்கணும். நீ எப்பவோ முடிச்சிட்ட. நூத்துக்கு நூறுலே!"

"ஓதத்தான் தெரியும் அத்தா. அர்த்தம் தெரியாது."

"எழுத்து தெரியுதுல்ல? அர்த்தம் பின்னாடியே வரும். மண்டி பூரா சொல்லிட்டேன், எம்மவன் அரபி எடுக்கிறான்னு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நீங்களுந்தான் நாள் பூரா தமிழ் பேசுறீக. போயி தமிழ்ப் பரீட்சை எழுதுங்க பாப்போம்!"

நான் சிரித்துவிட்டேன். அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். நேரே போய் அலமாரியைத் திறந்தார். ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஒருவர் பேரீச்சம்பழம் சுற்றிக் கொடுத்த அரபித் தாள் அதில் இருந்தது. குர்ஆன் எழுத்து காலில் பட்டுவிடக் கூடாதென்று, கண்ணில் ஒற்றி, மேல்தட்டில் நாலு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

"இதைப் படிலே. உங்கம்மா கேக்கட்டும்."

அண்ணன் தாளைப் பிடித்தான். முதல் சொல்லிலேயே திக்கினான்.

"குர்ஆன்ல எழுத்துக்கு மேலயும் கீழயும் ஜேரு ஜபருன்னு குறி இருக்கும் அத்தா. அதைப் பாத்துத்தான் ஓதுவோம். இதுல ஒரு குறியும் இல்லையே."

"ஏன், அச்சடிச்சவன் மறந்துட்டானா? இரு, அசரத்தைக் கூட்டியாரேன்."

பள்ளிவாசல் அசரத்து வந்தார். வேலூர் அரபிக் கல்லூரியில் படித்தவர். தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் தாடி லேசாக ஆடியது.

"மீரான் பாய், இது சோப்பு விளம்பரம். அழுக்கு போகும், கை எரியாதுன்னு போட்டிருக்கான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தாளை ஒற்றிய கண்ணை அத்தா ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார்; வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரிலே. உனக்கு அர்த்தம் தெரிஞ்ச பாடம் எது?"

"பூகோளம்."

"அது சின்னப் பிள்ளைக படம் வரையிற பாடம்ல?"

"இல்லத்தா. நம்மூருல மழை ஏன் கம்மி? மேக்கே கொடைக்கானல் மலை மேகத்த மறிச்சிருது. அதான் ரெட்டியார்சத்திரம் பக்கமெல்லாம் காஞ்ச காடு. காஞ்ச காட்டுல மாட்டுக்குப் புல்லு பத்தாது, ஆடு மேஞ்சு பொழச்சுக்கிரும். அம்புட்டு ஆடு இருக்கப்போய்த்தான் இங்க தோல் மண்டி வந்துச்சு."

அத்தா அசரத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"முப்பது வருசமா தோல் வாங்குறேன். ஒரு பய சொல்லலையே. இதையா கேப்பான் பரீட்சையில?"

"இந்த மாதிரிதான் கேப்பான்."

"அப்ப எழுதுலே. மண்டியில நான் சொல்லிக்கிறேன்."

அண்ணன் எழுதினான். மை காயும்வரை அத்தா பக்கத்திலேயே நின்று ஊதிக்கொண்டிருந்தார்.

"பரீட்சை எங்கலே?"

"மெட்ராஸ்ல. இன்னும் மூணு மாசம் கெடக்கு."

அத்தா தொப்பியை எடுத்து மாட்டினார்.

"இந்நேரத்துல எங்க கெளம்பிட்டீக?" என்றாள் அம்மா.

"ஸ்டேசனுக்கு. எந்த ரயிலு கூட்டமில்லாமப் போகும்னு கேட்டுட்டு வாரேன். பிள்ளை உக்காந்துல்ல போகணும்."