சூட்டுப்பெட்டியில் தோசைமா

1
இந்தக் கதை பொங்கி வழிந்த தோசைமாவிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பயத்தில் நித்திரை வரவில்லை. ஒருவருக்கும் சொல்லமாட்டீர்கள்தானே?

2
முதல் தொடக்கம்: "பலெர்மோ நகரின் ஆய்வுகூடமொன்றில் உயிரணுக்கள் அமைதியாக வளர்ந்துகொண்டி—"

சரிவராது. பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: பலெர்மோவின் கபோ பகுதியில் எங்கள் வீடு மாசியில் ஐஸ்பெட்டி. மா புளிக்காது. அம்மா குகனேஸ்வரி துப்புரவு செய்யும் ஆய்வுகூடத்தில், உயிரணு வளர்க்க எப்போதும் உடம்புச்சூட்டில் இருக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு தட்டு காலி. மிச்சத்தை ஊகித்திருப்பீர்கள்.

(அம்மாவைக் குறைவாக நினைக்கவேண்டாம். சட்டிக்கு வாய் கட்டி, கையுறை போட்டு, வெளிப்புறத்தை ஸ்பிரிற்றால் துடைத்துத்தான் உள்ளே வைத்தார். இவ்வளவு மரியாதையோடு எந்தக் கிருமியும் அங்கே நுழைந்ததில்லை.)

3
இன்று பின்னேரம் நானும் கூடப் போனேன். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா, இங்கத்தைய பாஷையில் டொத்தொரெஸ்ஸா, மாதக்கணக்காக வளர்த்த உயிரணுக்கள். அவை வளரும் றோஸ் நிறத் திரவமெல்லாம் மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்து, "ஈஸ்ட்!" என்று கத்தினார். (திருத்தம்: அழுதார். கத்தியிருந்தால் எழுதுவது சுலபம்.) பாணிலும் ஈஸ்ட் இருக்கிறதே; ஆய்வுகூடத்துக்குள்ளேயே பாண் தின்கிற மாணவன் சல்வோவில்தான் பழி. நாளைக்கு அவனை அனுப்பிவிடுவாராம்.

படியிறங்கும்போது கேட்டேன்.

"அம்மா, அது உங்கடை மாதான்."

"விசர்க்கதை கதையாதை. வாய் கட்டியெல்லோ வைச்சனான்."

"வழிஞ்சதோ?"

"கொஞ்சம். உடனை துடைச்சுப்போட்டன்."

"சல்வோவைக் கலைக்கப்போயினம்."

"ஐயோ, அந்தப் பெடியன் என்ரை தோசையை ஆசையாத் திண்டவன்!"

"அப்ப சொல்லுவம்."

"சொன்னா வேலை போகும். வேலை இல்லாட்டி வதிவிடப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கமாட்டாங்கள். பிறகு இஞ்சை எப்பிடி இருக்கிறது?" கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு நீயே வந்து கதை. உனக்குத்தான் இத்தாலியன் வடிவா வரும்."

"என்னெண்டு சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு. இல்லை, நடக்காததைச் சொல்லு. சாம்பவி, என்னத்தையாவது சொல்லு!"

4
முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன், டொத்தொரெஸ்ஸா சிரித்து மன்னிக்கிறார். சினிமாவில் நடக்கும்.

முடிவு ஆ: வாய் திறக்கவில்லை. சல்வோ வெள்ளை அங்கியை மடித்து வைத்துவிட்டு எங்களுக்குக் கைகாட்டிப் போகிறான். அந்த நேரத்து அம்மாவின் முகத்தை எழுத—

முடிவு இ: நான்தான் வைத்தேன் என்கிறேன். என்னிடம் பறிக்க வேலை இல்லை. ஒரே சிக்கல், நான் ஒருநாளும் தோசைமா கரைத்ததில்லை. டொத்தொரெஸ்ஸா விஞ்ஞானி, செய்முறை கேட்பார்.

5
அம்மாவைத் தட்டி எழுப்பினேன்.

"அம்மா, உளுந்து எவ்வளவு நேரம் ஊறவேணும்?"

அம்மா எழும்பி உட்கார்ந்துவிட்டார். என்னையும் இந்தத் தாளையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். கெதியாக. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.