நவநாளும் இருபத்தைந்து நிமிடமும்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தருவைகுளத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். சோறு தின்னும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "ஏளா ஸ்டெபி, காலை ஆட்டாத, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா தொடையில் ஒன்று போடுவாள். அப்படிப்பட்ட நான் பிளஸ் டூ கணக்கில் தோற்றதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஜூன் கடைசியில் துணைத்தேர்வு. தேறினால் தூத்துக்குடியில் கல்லூரி. தேறாவிட்டால் அம்மாவோடு இறால் கம்பெனிக்குப் போய்த் தலை கிள்ள வேண்டியதுதான். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அம்மாவின் விரல்கள் எப்படியாகிவிட்டன என்று பார்த்தவர் யாரும் அந்த வேலைக்கு ஆசைப்பட மாட்டார்கள்.

முதலில் எல்லோரும் சொன்னபடி நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பார்த்தேன். பாய் சூடானதுதான் மிச்சம். மீன்பிடித் தடைக்காலம் வேறு. அப்பாவும் படகில் அவரோடு போகிறவர்களும் பகல் முழுக்க எங்கள் வாசலில் வலையைப் போட்டுக்கொண்டு சத்தமாக ஊர்க்கதை பேசினார்கள். ஐந்தரைக்கு எல்லோரும் கரைக்கு வாலிபால் பார்க்கப் போய்விடுவார்கள். ஆறரை வரை வீடு வாய் மூடிக் கிடக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தை நானே இரண்டாகப் பிரித்தேன். இருபத்தைந்து நிமிடம், ஒரே ஒரு வகைக் கணக்கு. போன் அரிசி வாளிக்குள். மாதிரிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டை மூடி, பார்க்காமல் போட வேண்டும். எங்கே முட்டுகிறதோ அந்த வரியை மட்டும் திறந்து பார்க்கலாம். பிறகு கரை வரை ஓர் ஓட்டம். வந்து அடுத்த இருபத்தைந்து நிமிடம், முந்தின நாள் போட்ட கணக்கு. திங்கட்கிழமை போட்டது வியாழக்கிழமையும் கைக்கு வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மூன்று வாரத்தில் அணிகள் முடிந்து கலப்பு எண்களில் பாதிக்கு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு அது படிப்பாகவே தெரியவில்லை. "அர மணி நேரம் இருக்கமாட்டேங்கா, எந்திச்சி கடக்கரைக்கு ஓடிருதா. இவ எப்படி பாஸாவா?" என்று அடுத்த வீட்டு மெட்டில்டா மாமியிடம் புலம்பினாள். புலம்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் மாதா சிலை, சுரூபம் என்போம், வீடு வீடாக வரும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். அன்று அந்த வீட்டில் தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். அம்மா கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரிடம் கெஞ்சி, என் தேர்வுக்காக நேர்ந்து, ஒன்பது நாள் நவநாளுக்கென்று மாதாவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது.

ஜெபம் ஆறு மணிக்கு. ஐந்துக்கே கூட்டிப் பெருக்கிப் பாய் விரிக்க வேண்டும். ஐந்தரைக்கு முதல் ஆள் வந்துவிடும். முடிந்ததும் சுக்குக்காப்பி கொடுக்க வேண்டும். ஆக, என் ஒரு மணி நேரம் மாதாவின் காலடியில் போயிற்று. வந்தவர்கள் எல்லோரும் என் தலையைத் தடவி, "கணக்குலயா மக்கா போச்சு?" என்று உருகினார்கள். தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக ஒரு கணக்கும் போடவில்லை. போட்டதெல்லாம் கழன்று போவது எனக்கே தெரிந்தது. அம்மாவைக் கடித்துக் குதற வேண்டும்போல் கோபம் வந்தது. என்ன சொல்ல? மாதாவைப் போகச் சொல் என்றா?

நாலாம் நாள், ஜெபத்தில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். பாவமோ புண்ணியமோ, வேறு நேரம் இல்லை. ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளுக்கு முன்பாதியைச் சொல்ல என்னை விட்டார்கள்; பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். நாலு 'அருள் நிறைந்த மரியாயே' சரியாகத்தான் போனது. ஐந்தாவதில் வாய் தானாகத் திறந்து, "நேர்மாறு அணி காண, முதலில் அணிக்கோவையின் மதிப்பு பூச்சியம் இல்லை எனக் காட்டுக" என்று அதே ராகத்தில் சொன்னது.

அதற்கும் பாதிப் பேர் பழக்கதோஷத்தில், "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பதில் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மெட்டில்டா மாமி நெஞ்சில் கைவைத்து, "ஏளா, மாதாவுக்கு முன்னால என்னளா பேசுத?" என்றார்.

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "நான் எப்பம்மா படிக்க? சொல்லுங்க, எப்பம் படிக்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

மிச்ச ஜெபத்தை அம்மாவே சொல்லி முடித்தாள். பிறகு எழுந்து சுரூபத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். "மைனி, அடுத்தது ஒங்க வீடுதான. கூட்டிட்டுப் போங்க" என்று மெட்டில்டா மாமியிடம் நீட்டினாள்.

மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆக்னஸ், நேர்ச்சைய பாதியில முறிக்கியா? நாளக்கழிச்சி ஒம் மாப்பிள்ள கடலுக்குப் போறாரு. யோசிச்சிக்கோ."

"மாதாவும் பிள்ள வளத்தவதான மைனி. அவளுக்குத் தெரியும்." சொன்னாளே தவிர, சுரூபத்தின் காலை மூன்று முறை முத்தமிட்ட பிறகுதான் அம்மா அதைக் கைமாற்றினாள்.

இரவு அப்பா, மாதா இருந்த முக்காலி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீரு விட்டிருப்பீரா?"

தடை முடிந்ததும் அப்பாவின் படகு போயிற்று. கரைக்கு வரப் பன்னிரண்டு நாள்.

மறுபடி ஐந்தரையிலிருந்து ஆறரை எனக்குக் கிடைத்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. நான் கரைக்கு ஓடினாலும் ஏன் என்று கேட்கவில்லை. தெரு அவளிடம் சரியாகப் பேசவில்லை. படகு போன ஆறாம் நாள் கச்சான் என்னும் மேல்காற்று பேயாக அடித்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழியை அம்மா ஆயுசுக்கும் சுமப்பாள், என்னால். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை வீணாக்கவும் பயமாக இருந்தது. திரும்பி உட்கார்ந்து போட்டேன்.

தேர்வு எழுதிய மூன்றாம் நாள் படகு முழுசாகக் கரைக்கு வந்தது. அன்றுதான் அம்மா வயிறாரச் சோறு தின்றாள்.

முடிவு வந்த அன்று என் மதிப்பெண் ஐம்பத்து மூன்று. மெட்டில்டா மாமி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நாலு நாள் இருந்ததுக்கே மாதா இம்புட்டு செஞ்சிருக்கா. ஒம்போது நாளும் இருந்திருந்தா நூத்துக்கு நூறுல்லா!"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா? "மாதா செஞ்சிருப்பா மாமி, இல்லங்கல. ஆனா எங்கம்மா செஞ்சதுதான் பெருசு" என்றேன்.

அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். "மாதாவோடயா என்னையச் சேத்துப் பேசுத, கொழுப்பெடுத்தவளே!" திட்டிக்கொண்டே அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.