நிறுத்தச் சொன்ன மாத்திரை

சிதம்பரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் எழிலனுக்கு அவன் அக்கா ஜெயராணி ஒரு சிறுநீரகம் கொடுத்தாள். கூடவே, அவள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களையும் அவனுக்கு ஏற்றினார்கள். அந்தச் செல்கள் அவன் எலும்பு மஜ்ஜையில் வேர்பிடித்தால், அக்காவின் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று எதிர்க்காது. அந்த எதிர்ப்பை அடக்க ஆயுசுக்கும் விழுங்கவேண்டிய மாத்திரைகளை ஒருநாள் நிறுத்திவிடலாம். ஆராய்ச்சியாகச் செய்கிற சிகிச்சை, எல்லோருக்கும் பலிக்காது என்று சென்னை டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

அவனுக்குப் பலித்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பங்குனியில் அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். ஜெயராணி கடலூரில் தன் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள்.

எழிலனுக்குத்தான் நிம்மதி போயிற்று. டயாலிசிஸ் காலத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கொளஞ்சி, தன்னிஷ்டத்துக்கு மாத்திரையை விட்டு, மாற்றிவைத்த சிறுநீரகத்தைப் பறிகொடுத்தவன். அவன் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. மீந்திருந்த மாத்திரை அட்டையிலிருந்து தினமும் ஒன்றை, மனைவி வெண்மதிக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டான்.

அடுத்த பரிசோதனைக்கு அக்காவும் கூட வந்தாள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"ரத்தத்துல மருந்து இருக்கே, எழிலன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு கொளஞ்சியின் கதையைச் சொன்னான். டாக்டரம்மா திட்டவில்லை.

"அவரு தானா விட்டாரு. உங்களுக்கு நாங்க பாத்துப் பாத்து நிறுத்துறோம். ஏதாவது மாறுனா உடனே திரும்ப ஆரம்பிச்சிடலாம்."

திரும்பும் பஸ்ஸில், திண்டிவனம் தாண்டியதும் ஜெயராணி கேட்டாள்.

"ஏன்டா, என் கிட்னி மேல நம்பிக்கை இல்லியா ஒனக்கு?"

"அதில்லக்கா. கெட்டுப்போச்சுன்னா உங்கிட்ட இன்னொண்ணு கேக்க முடியுமா? நீ குடுத்தத நான் தொலச்சவனா ஆயிடுவேனே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"குடுத்தப்பவே அது ஒன்னோடதுடா. எம்பொருளுக்கு நீ ஒண்ணும் காவக்காரன் இல்ல. அந்த அட்டைய எடு இப்பிடி."

கடலூரில் இறங்கும்போது அட்டையை அவளே கொண்டுபோய்விட்டாள்.

முதல் வாரம் எழிலன் காலையில் எழுந்ததும், சிறுநீரகம் கெட்டால் வருகிற வீக்கம் பாதத்தில் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தான். அப்புறம் ஸ்கூலில் லைசென்ஸ் எடுக்க வருகிற கூட்டம் சேர, அதையும் மறந்துபோனான். ஆடியில் பரிசோதித்தபோது ரத்தத்தில் மருந்தே இல்லை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. அக்காவுக்குப் போன் போட்டான்.

"சந்தோஷம்டா" என்றாள் ஜெயராணி. "ஞாயித்துக்கெழம வெண்மதிய கூட்டிகிட்டு வா. நண்டு வாங்கி வெக்கிறேன்."