இருக்கைகளின் அமைப்பு மாற்றப்பட்டது

நகரமன்றக் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் நாற்காலியை வீசினால் அதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று குறிப்பம்மாவுக்குத் தெரியும். ‘இருக்கைகளின் அமைப்பு மாற்றப்பட்டது’ என்று எழுத வேண்டும். போன மே மாதம் அப்படித்தான் எழுதினாள். அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாற்காலி இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதானே.

குறிப்பம்மா என்பது ஊர் வைத்த பெயர். மன்றத்தில் யார் என்ன பேசினாலும் சுருக்கெழுத்தில் பிடித்து, பிறகு பெரிய பதிவேட்டில் முழு வாக்கியமாக எழுதி வைப்பது அவள் வேலை. அடுத்த கூட்டம் தொடங்கும்போது அதை எழுந்து நின்று வாசிப்பதும் அவள்தான். வாசித்து முடித்து எல்லோரும் சரி என்று சொன்ன பிறகுதான் அன்று பேச வேண்டிய பொருளுக்கே போக முடியும். விதி அப்படி.

அந்த விதியில்தான் வில்லங்கம். மன்றத்தில் இரண்டு அணிகள். ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் ஜன்னல் அணி. அவர்களுக்கு வக்கீல் தலைமை. மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவர்கள் விசிறி அணி, அவர்களுக்கு மருந்துக்கடைக்காரர். கட்சிப் பெயர்களும் கொடிகளும் தனியாக இருக்கின்றன, அவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. இருவரும் கீரியும் பாம்பும். போன கூட்டத்தில் திட்டிக்கொண்டதை உள்ளது உள்ளபடி வாசித்தால், வாசித்து முடிப்பதற்குள் அதே சண்டை முதலிலிருந்து ஆரம்பமாகும். அதனால் அவள் வருடம் முழுக்க வார்த்தைகளைக் கழுவித் துடைத்து எழுதினாள். வக்கீல் எழுந்து, “காலாவதி மாத்திரை வித்தே மாடி கட்டினவன்” என்று கத்தினால், ‘மருந்துகளின் தரம் குறித்து உறுப்பினர் கவலை தெரிவித்தார்.’ மருந்துக்கடைக்காரர் பதிலுக்கு, “வாய்தா வாங்கியே வயிறு வளக்கிற பய” என்றால், ‘நீதிமன்றத் தாமதங்கள் பற்றிக் கருத்துப் பரிமாறப்பட்டது.’

பிப்ரவரியில் மன்றத் தலைவர் முதன்முதலாக இந்த நடையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு அணிக்குமே அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை என்பதால் தலைவரானவர் அவர். “நல்லா இருக்கும்மா. இப்படியே எழுதிட்டு வா” என்றார். அவள் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள்.

ஒன்றை மட்டும் எவ்வளவு கழுவினாலும் அவளால் வரவழைக்க முடியவில்லை. அந்த மன்றத்தில் ‘நாங்க’ உண்டு, ‘நீங்க’ உண்டு. ‘நாம’ என்ற சொல் பதினோரு கூட்டத்தில் ஒரு தடவைகூட அவள் சுருக்கெழுத்து நோட்டில் விழவில்லை. விழாததை எப்படி எழுதுவது?

இவ்வளவு மெனக்கெட்டது மன்றத்தின் மானத்தைக் காப்பாற்ற அல்ல. அது எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன. பாலத்துக்காகத்தான். ஊருக்கு நடுவே ஓடும் கால்வாயின் மேல் ஒரு நடைபாலம் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதன் பலகை முறிந்து அவள் கணவர் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. அவர் தையல்காரர், கடை அக்கரையில். பாலத்தின் இரண்டு வாயிலும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். நாலு நிமிட நடை இப்போது நெடுஞ்சாலையைச் சுற்றி முக்கால் மணி நேரம். ஊன்றுகோலோடு, நடைபாதை இல்லாத சாலையில், லாரிகளை ஒட்டியபடி. போன வாரம் ஒரு லாரி அவர் சட்டைத் தோளைக் கிழித்துவிட்டுப் போனது. அவரே அதைத் தைத்து மறுநாள் போட்டுக்கொண்டார். கிழிந்த இடம் தெரியாத அளவுக்கு நேர்த்தியான தையல். ஆனால் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும்.

புதுப் பாலம் வேண்டாம் என்று மன்றத்தில் ஒருவரும் சொல்லவில்லை. வரைபடம் வந்துவிட்டது, மேலிடத்து அனுமதியும் வந்துவிட்டது. எந்த அணியின் தலைவர் பெயரை வைப்பது என்பதில்தான் வருடம் ஓடிப்போனது. அனுமதி ஜனவரி முடிய மட்டும் செல்லும். ஜனவரியில் இருப்பது ஒரே ஒரு கூட்டம்.

அன்று காலை கணவர் ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் திருகிப் பார்த்துக்கொண்டே கேட்டார். “புது வருஷம் பொறந்ததும் உங்க ஆளுங்க புது மனுஷங்களா ஆயிட்டாங்களா?”

“தலைவர் ரெண்டு பேர்கிட்டயும் பேசியிருக்காராம். யார் பேரும் வேண்டாம், வெறும் கால்வாய்ப் பாலம்னு வச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்களாம்.”

“ரெண்டு பேருமா? ஒரே பாலத்துக்கா?”

“கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்கு நடக்கும்.”

“நடக்கும் நடக்கும்னு நீ சொல்லிட்டே இருக்கே. நடக்கிறது நான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. மேஜைக்குப் புது விரிப்பு, ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு பிஸ்கட். சுவரில் இரண்டு அணியின் புது நாள்காட்டிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு தொங்கின. டிசம்பர் குறிப்பை அவள் வாசித்தாள், எல்லோரும் சரி என்றார்கள். நேராக ஏழாம் பொருளான பாலத்துக்குத் தாவியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் தலைவருக்கு நல்ல மனசு. அது அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

“புது வருஷம். அதனால முதல்ல ஒரு நாகரிகத் தீர்மானம். இனிமே இந்த மன்றத்துல யாரும் யாரையும் தரக்குறைவா பேசுறதில்லை. என்ன சொல்றீங்க?”

வக்கீல் எழுந்தார். “முழு மனசோட ஆதரிக்கிறேன். யாரை மனசுல வச்சு இதைக் கொண்டு வந்தீங்கன்னு மட்டும் சொல்லிட்டா போதும்.”

“யாரை மனசுல வச்சா?” மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே கேட்டார். “மார்ச் மாசம் என்னைப் பாத்து காலாவதி மாத்திரை விக்கிறவன்னு சொன்னது யாரு?”

“வாய்தா வாங்கி வயிறு வளக்கிற பயன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் சொன்னேன்.”

“அதுக்கு முன்னாடி சொன்னீங்க.”

“அப்புறம்.”

அவ்வளவுதான், பழைய மூட்டை அவிழ்ந்துவிட்டது. ஏப்ரலில் யார் யாருடைய அப்பாவை இழுத்தது, ஆகஸ்டில் யார் யாரைக் குரங்கு என்றது, எல்லாம் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. குறிப்பம்மாவின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. வருடம் முழுக்க அவள் துடைத்து எடுத்த அழுக்கு அத்தனையும் அரை மணி நேரத்தில் அவள் நோட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

கடைசியில் வக்கீல்தான் சொன்னார். “எதுக்கு வீண் பேச்சு? பதிவேடு இருக்கு. மார்ச் மாசத்தை வாசிக்கச் சொல்லுங்க. யார் ஆரம்பிச்சாங்களோ அவங்க மன்னிப்புக் கேக்கட்டும்.”

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் பிஸ்கட்டைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வாசித்தாள். ‘மருந்துகளின் தரம் குறித்து உறுப்பினர் கவலை தெரிவித்தார். நீதிமன்றத் தாமதங்கள் பற்றிக் கருத்துப் பரிமாறப்பட்டது.’

வேறு பக்கத்தைப் புரட்டிவிட்டாளோ என்று வக்கீல் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

“மே மாசத்தை வாசி” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“‘இருக்கைகளின் அமைப்பு மாற்றப்பட்டது.’”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து, நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டினார். “மூணு தையல். இதுக்குப் பேரு இருக்கை அமைப்பா? ஜன்னல் பக்கத்துல உனக்கு எவ்வளவு நாளா சிநேகம்?”

“எங்களுக்கா சிநேகம்?” என்றார் வக்கீல். “என்னைப் பயன்னு சொன்னதை முழுசா முழுங்கியிருக்கு. இது உங்களைக் காப்பாத்த எழுதினது.”

திட்டு வாங்கியது இருவருக்கும் வலிக்கவில்லை போலிருக்கிறது. வாங்கிய திட்டு எழுத்தில் இல்லாமல் போனதுதான் வலித்தது. அதைச் சொத்துப்பத்திரம் போலப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள்.

“யாரையும் காப்பாத்த எழுதல சார்” என்றாள். “சண்டை போடாம நீங்க பாலத்துக்கு வந்து சேரணும்னுதான் அப்படி எழுதினேன். தலைவருக்கும் தெரியும். சொல்லுங்க சார்.”

தலைவர் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் முகத்தில்தான் இருந்தது. “நான் எல்லாத்தையும் வரி வரியா படிக்கிறதில்லை” என்றார்.

“பாலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

இதைக் கேட்டது வக்கீலும் மருந்துக்கடைக்காரரும், இருவரும் ஒரே நேரத்தில், சொல் மாறாமல். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீலின் முகத்தில் என்னவோ இளகியது.

“பாத்தீங்களா” என்றார், விசிறிப் பக்கம் திரும்பி. “நாம இங்க உயிரைக் குடுத்துப் பேசிட்டு இருக்கோம். இந்தம்மா நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கியிருக்காங்க.”

நாம. அவள் பென்சில் அந்தச் சொல்லின் மேல் நின்றது. ஒரு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தாள். வந்தே விட்டது.

“நாம கவனிக்காம விட்டுட்டோம் சார், அதான்” என்றார் மருந்துக்கடைக்காரர். வக்கீலை அவர் ‘சார்’ என்று கூப்பிட்டதும் அன்றுதான். “ஆவணத்தைத் திரிச்சிருக்கு. உடனே வேலையிலேருந்து நிறுத்தி வைக்கணும். விசாரணையைப் பிறகு வச்சுக்கலாம்.”

“வழிமொழிகிறேன்” என்றார் வக்கீல்.

கைகள் உயர்ந்தன. ஜன்னல் பக்கமும் விசிறிப் பக்கமும் ஒன்றாக. விசிறி அணியில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, மகளின் சீருடையைக் குறிப்பம்மாவின் கணவரிடம் தைத்து வாங்குகிறவள், கையைக் கொஞ்சம் தாமதமாக, காதைச் சொறிகிற மாதிரி உயர்த்தினாள். கடைசியாகத் தலைவர் கை. அந்த மன்றத்தின் முதல் ஒருமனதான தீர்மானம்.

“இன்னைக்குக் குறிப்பை மட்டும் இவங்களே எழுதி வச்சுட்டுப் போகட்டும்” என்றார் வக்கீல். “ஒரு எழுத்து விடாம. அடுத்த கூட்டத்துல அதை அப்படியே வாசிக்கணும். இதையும் தீர்மானத்துல சேத்துக்குங்க.” அதற்கும் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

தேநீர் வந்தது. மருந்துக்கடைக்காரர் தன் பிஸ்கட்டை வக்கீல் பக்கம் நகர்த்தினார். வக்கீல், சர்க்கரை வியாதி என்று மறுத்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இவர் கேட்க, அவர் சொல்ல, கடைக்கு வாருங்கள், அதைவிட நல்லது தருகிறேன் என்று பேச்சு வளர்ந்தது. நகமும் சதையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எப்படிப்பட்ட நாகரிகம்.

“ஏழாம் பொருள் பாக்கி இருக்கு சார்” என்றாள்.

“அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்றார் தலைவர்.

“அடுத்த கூட்டம் பிப்ரவரியில. அனுமதி இந்த மாசத்தோட முடியுது. பேர் வேண்டாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதானே? ரெண்டு நிமிஷ வேலை சார்.”

“உன்னை நிறுத்தியாச்சு” என்றார் மருந்துக்கடைக்காரர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நிறுத்தின ஆளு மன்றத்துல பேசக் கூடாது. எழுதுற வேலையைப் பாரு.”

“விதியும் அதான்” என்றார் வக்கீல்.

கூட்டம் கலைந்தது. கதவு குறுகல், போன வருடம் யார் முதலில் வெளியே போவது என்று அங்கே தோள் இடித்துக்கொண்டவர்கள்தான். “நீங்க போங்க சார்” என்றார் ஒருவர். “அட, நீங்க முதல்ல” என்றார் மற்றவர். கடைசியில் இருவரும் பக்கவாட்டில் திரும்பி, சிரித்துக்கொண்டே, ஒன்றாக வெளியேறினார்கள். தலைவர் பின்னாலேயே போனார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் பதிவேட்டைத் திறந்து, சுருக்கெழுத்து நோட்டை அருகில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு எழுத்து விடவில்லை. காலாவதி மாத்திரை, வாய்தா, வயிறு, பய, அப்பா, குரங்கு, அத்தனையும் யார் சொன்னது என்ற விவரத்தோடு. மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கும்போதே தலைவர் பையில் தேடியதை எழுதினாள். பிஸ்கட்டையும் எழுதினாள். இதை அடுத்த மாதம் யாராவது எழுந்து நின்று உரக்க வாசித்தாக வேண்டும். அவர்கள் போட்ட தீர்மானம்தான்.

ஏழாம் பொருளுக்கு வந்தபோது கை பழக்கத்தில் தானாக ஓடிவிட்டது. ‘நேரமின்மை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.’ எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக ஒரு கோடு போட்டு அடித்து, விதிப்படி ஓரத்தில் கையெழுத்திட்டு, கீழே எழுதினாள். ‘பாலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டவளை வாயை மூடச் சொன்னார்கள்.’

மை காய்வதற்குள் போன் அடித்தது. கணவர்தான், கடையை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

“என்ன, நடந்துச்சா?”

“ஒத்துமையாயிட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டுப் போறாங்க.”

“பார்றா. அப்ப பாலம்?”

அவள் பதிவேட்டை மூடினாள்.

“வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்க” என்றாள். “ரோட்டோரமாவே நடங்க.”