மூச்சுக்கு விட்ட இடம்

எங்கள் ஐமாரா மொழியில் ‘ஹக்தசிஞா’ என்றொரு சொல் உண்டு. நான் விட்ட இடத்தில் நீ தொடுவது, நீ விட்ட இடத்தில் நான் தொடுவது என்று பொருள். ஏரில் பூட்டிய மாடுகள் ஒரே அடியாக நடந்தாலும், கணவனும் மனைவியும் சண்டையின்றி ஒரு மூட்டையை இறக்கினாலும் அச்சொல்லையே சொல்வோம். நாங்கள் அதைக் கற்பது குழலில். நாணற்குழல்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு குழற்கட்டுகளில் ஒரே பாட்டின் சுரங்கள் பிரிந்து கிடக்கும். முன்னே செல்லும் என் கட்டில் ஆறு குழல்; பின்தொடரும் ஃபெர்மின் கட்டில் ஏழு. தனித்து ஊதினால் இரண்டும் பாட்டாகா.

பதினேழு ஆண்டுகளாக அவன் என் மறுபாதி; என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஆகவே ஒருவரையொருவர் ‘கும்பா’ என்றே அழைப்போம். அவனுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. மூச்சு தாமதமாகவே சேரும். இவ்வாண்டு மாதா திருவிழாப் போட்டிக்கு நான் கட்டிய புதுப் பாட்டில், ஒவ்வோர் அடியின் இறுதியிலும் அவனுக்காக ஒரு மூச்சளவு இடம் விட்டிருந்தேன். மூன்று மாதம் குழு முழுவதும் அதைப் பயின்றது.

போட்டியன்று காலையில், காய்ச்சல் என்று சொல்லியனுப்பினான். அவன் வீட்டுக்கு ஒரு சட்டி உருளைக்கிழங்குக் கஞ்சி கொடுத்தனுப்பிவிட்டுத் திடலுக்குப் போனேன்.

எங்களுக்கு முன், ஏரியின் அக்கரை ஊர்க் குழு மேடை ஏறியது. ஊதியது என் பாட்டு. நாற்பது பேரும் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் அந்த ஒரு மூச்சுக்கு நின்றார்கள். முன்வரிசையில், அவர்களது சிவப்புப் போர்வையில், ஃபெர்மின்.

இறங்கி வந்தவனை மறித்தேன்.

“காய்ச்சல் எறங்கிடுச்சா, கும்பா?”

“கோவப்படாத. அங்க என்னைத் தலைவனாக்கிட்டாங்க. உன்கூட இருந்தா சாகுற வரைக்கும் நான் பின்னாடி ஊதுறவன்தான்.”

“அதுக்கு என் பாட்டுதான் கெடச்சுதா?”

“அதுல பாதி என்னோடதுதானே?”

“உன் பாதிய மட்டும் கொண்டுபோயிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

அவன் சிரிக்க முயன்றான். பல்லில்லாத இடம் தெரிந்தது.

“கஞ்சி ஆறிடும். வீட்டுக்குப் போய்க் குடி,” என்றேன்.

எங்கள் தலைவர் பசிலியோ கையைப் பிடித்து இழுத்தார். “வாய்யா, நம்ம முறை. இப்ப அதையே ஊதினா நம்மளைத்தான் திருடன்னுவாங்க. போன வருசத்துப் பாட்டு போதும்.”

அப்பழைய பாட்டில் எங்கும் இடைவெளி இல்லை. முதல் அடி முடிந்ததும், மூன்று மாதப் பழக்கத்தில், நான் ஒரு மூச்சுக்கு நின்றேன். என் இடப்பக்கத்தில் மூச்சு வாங்க ஆளில்லை. குழு அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தது.